அந்தப் பூட்டை விடாதீர்கள், தம்பி

கேள்வி: எனக்கு 27 வயது. காவல்துறையில் நான்கு வருடம் பொதுப் பணியில் இருந்துவிட்டு, இரண்டு மாதம் முன்பு குற்றப் புலனாய்வுப் பிரிவுக்கு வந்திருக்கிறேன். கூட இருப்பவர்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள். சம்பவ இடத்தில் கால் வைத்த பத்தாவது நிமிடமே "இன்னார்தான்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆளின் கண்ணைப் பார்த்தே பொய்யைப் பிடித்துவிடலாம் என்கிறார் என் மூத்த அதிகாரி. எனக்கு அதெல்லாம் வரவில்லை. ஒரு வாக்குமூலத்தை இரண்டு முறை படித்தால்தான் மனதில் நிற்கிறது. முகங்கள் மறந்துவிடுகின்றன. இப்போது ஒரு குடோன் திருட்டு வழக்கில் இருக்கிறேன். இரவுக் காவலாளிதான் செய்திருப்பார் என்பது எல்லாருடைய முடிவு. ஆனால் திருடியவர் போகும்போது பூட்டை மறுபடி பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். அது மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. சின்ன விஷயம் என்பதால் வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. துப்பறியும் புத்தி பிறவியிலேயே இருக்க வேண்டிய ஒன்றா? பழைய வேலைக்கே மாற்றல் கேட்டுவிடட்டுமா?

அன்புத் தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் யார், எந்த வழக்கு என்று யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி சில விவரங்களை எடுத்துவிட்டுத்தான் மேலே கொடுத்திருக்கிறேன்.

முதலில் மாற்றல் விஷயம். கேட்காதீர்கள். நீங்கள் குறை என்று அடுக்கியிருக்கும் எதுவும் இந்த வேலைக்குக் குறை இல்லை. இரண்டு முறை படிப்பது நல்ல பழக்கம். முகம் மறந்தால் எழுதி வைத்துக்கொள்ளலாம். பூட்டைப் பற்றிச் சொல்ல வெட்கப்படுகிறீர்களே, அது ஒன்றுதான் நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டியது.

நான் இருபத்தெட்டு வருடம் புலனாய்வில் இருந்தேன். இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நல்ல புலனாய்வாளரையும் சுமாரானவரையும் பிரிக்கும் இடம் எது என்று என்னிடம் கேட்டால், ஒரே பதில்தான் சொல்வேன். தன் மனதில் உருவான கதையைத் தானே உடைத்துப் பார்க்க முடிகிறதா என்பதுதான். மற்ற எல்லாவற்றையும் பயிற்சியில் கொண்டுவந்துவிடலாம். இதையும் கொண்டுவரலாம், ஆனால் வலிக்கும்.

எனக்கு எப்படி வலித்தது என்று சொல்கிறேன். புலனாய்வுக்கு வந்து மூன்றாவது வருடம். ஒரு வீட்டில் நகைப் பெட்டி காணாமல் போனது. சனிக்கிழமை இரவு குடும்பம் வெளியே போயிருந்தபோது திருட்டு நடந்ததாகப் புகார். அன்று மாலை குழாய் ரிப்பேர் பார்க்க ஓர் இளைஞன் அந்த வீட்டுக்கு வந்து போயிருக்கிறான். அவனை விசாரித்தபோது வியர்த்துக் கொட்டியது, நாக்கு குழறியது. எனக்கு அது போதுமாக இருந்தது. பதினாறு நாள் அவன் பின்னாலேயே அலைந்தேன். எதைப் பார்த்தாலும் அவனுக்கு எதிராகவே தெரிந்தது. கடன் இருந்தது, ஆக அதனால்தான் எடுத்தான். புதிதாக எதுவும் வாங்கவில்லை, ஆக எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறான் பார். இப்படியே போனது.

பதினேழாம் நாள், எனக்குக் கீழே இருந்த ஒரு காவலர் என் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். "ஐயா, இதை நீங்கள்தானே எழுதினீர்கள்?" என்றார். என் கையெழுத்துதான். "அலமாரி மேல்தட்டில் தூசு. பெட்டி இருந்த இடம் நீள்சதுரமாகத் தெரிகிறது. சதுரத்துக்குள்ளும் மெல்லிய தூசு." ஞாயிறு காலை நானே நாற்காலி போட்டு ஏறிப் பார்த்து எழுதியது. ஒரே ராத்திரியில் அந்த அளவுக்குத் தூசு படியாது. அந்தப் பெட்டி சனிக்கிழமைக்குப் பல நாள் முன்பே அங்கிருந்து போயிருக்க வேண்டும். விசாரணையைத் திருப்பியபோது, வீட்டுக்குள் இருந்த ஒருவரே எடுத்து விற்றுவிட்டது தெரிந்தது.

கண் பார்த்திருக்கிறது, கை எழுதியிருக்கிறது. ஆனால் அதற்குள் மனம் கதையை முடித்துவிட்டதால் எழுதியதை நான் படிக்கவே இல்லை. அந்த இளைஞனுக்கு அதற்குள் வேலை போய்விட்டிருந்தது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அவன் அம்மா கதவைச் சாத்தினார். அந்தக் கதவுச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, தம்பி.

இது என் ஒருவனுடைய கோளாறு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். மனித மனமே அப்படித்தான் ஓடும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960-ல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. பயிற்சி வகுப்பில் முதல் நாளே அதை நான் செய்யச் சொல்வேன். 2, 4, 6. இந்த மூன்று எண்களும் ஒரு விதிப்படி அமைந்தவை. நீங்களும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லலாம், விதிக்குள் வருகிறதா இல்லையா என்று நான் சொல்வேன். விதியைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் எல்லாரும் 8, 10, 12 என்பார்கள். சரி. 20, 22, 24. சரி. "இரண்டு இரண்டாகக் கூடும் இரட்டை எண்கள்" என்று அடித்துச் சொல்வார்கள். தப்பு. விதி வெறுமனே "ஏறுவரிசை" என்பதுதான். 1, 7, 50 கூட அதற்குள் வரும். தன் யூகம் தப்பாக இருந்தால் "இல்லை" என்ற பதில் வரக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும், உடனே தெரிந்திருக்கும். அதை மட்டும் கேட்கவே தோன்றாது. "சரி, சரி" என்று கேட்டுக்கொண்டே இருப்பது மனதுக்கு இதமாக இருக்கிறது. அந்தப் பையனின் கடனைப் பற்றி நான் விசாரித்தது எல்லாம் 8, 10, 12 தான்.

இந்த வழக்கம் ஒரு பெரிய விசாரணையையே எப்படி விழுங்கும் என்பதற்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் தொடர் கொலைகளைச் சொல்ல வேண்டும். 1975 முதல் 1980 வரை பதின்மூன்று பெண்கள் கொல்லப்பட்டார்கள். நடுவில், நான்தான் கொலைகாரன் என்று சொல்லிக் கடிதங்களும், 1979 ஜூனில் ஓர் ஒலிநாடாவும் வந்தன. நாடாவில் இருந்தது இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையின் பேச்சு வழக்கு. விசாரணைத் தலைமை அதை அப்படியே நம்பியது. அந்தப் பேச்சு வழக்கில் பேசாதவர்களைச் சந்தேகப் பட்டியலிலிருந்து கழிக்க அதுவே ஓர் அளவுகோல் ஆயிற்று. உண்மையான கொலைகாரன் பீட்டர் சட்கிளிஃப் யார்க்‌ஷயர்காரன். வெவ்வேறு காரணங்களுக்காகப் போலீஸ் அவனை ஒன்பது முறை விசாரித்துவிட்டு விட்டிருக்கிறது. நாடா வந்த அடுத்த மாதமே இளம் புலனாய்வாளர் ஒருவர் அவனைச் சந்தித்து, சந்தேகம் தட்டி, அறிக்கையும் எழுதிக் கொடுத்தார். பேச்சு வழக்கு பொருந்தவில்லை. அறிக்கை கோப்புக்குள் போனது. நாடா வந்த பிறகு மட்டும் மூன்று பெண்கள் செத்தார்கள். நாடாவை அனுப்பியது வேறொரு ஆள், வெறும் புரளிக்காரன். உறையில் இருந்த எச்சிலின் டிஎன்ஏ-வை வைத்து 2005-ல்தான் அவன் பிடிபட்டான்.

அங்கே இருந்த அதிகாரிகள் யாரும் சோம்பேறிகள் இல்லை. ராப்பகலாக உழைத்தார்கள். தகவல் அட்டைகள் குவிந்து குவிந்து, அந்த எடையைத் தாங்கத் தளத்தையே பலப்படுத்த வேண்டியிருந்தது. அவ்வளவு தகவலும் கையில் இருந்தது. ஒரே ஆளைப் பற்றிய அட்டைகள் ஒன்றையொன்று சந்திக்கவில்லை, அவ்வளவுதான். இதற்குப் பிறகுதான் பெரிய வழக்குகளின் தகவல்களைக் கோத்துப் பார்க்க பிரிட்டிஷ் போலீஸுக்கு ஹோம்ஸ் என்ற கணினி அமைப்பு வந்தது.

சரி, அவன் எப்படிப் பிடிபட்டான்? உங்களைப் போன்றவர்களுக்காக நான் எப்போதும் சொல்லும் பகுதி இது. 1981 ஜனவரி 2-ஆம் தேதி இரவு, ஷெஃபீல்டு நகரில், போலி நம்பர் பிளேட் மாட்டிய கார் என்று இரண்டு ரோந்துப் போலீஸார் அவனைப் பிடித்தார்கள். கூட்டிப்போவதற்கு முன், சிறுநீர் கழிக்க வேண்டும் என்று அவன் கொஞ்சம் ஒதுங்கிப் போய்விட்டு வந்தான். சாதாரண விஷயம். மறுநாள் இரவு டூட்டிக்கு வந்தபோது, அந்த இருவரில் ஒருவரான சார்ஜென்ட், அந்த ஆளை இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். அந்த ஒதுங்கல் ஞாபகம் வந்தது. யாரும் சொல்லாமலே அந்த இடத்துக்குத் திரும்பிப் போனார். இருட்டில் டார்ச் அடித்துத் தேடியபோது, சருகுகளுக்கு நடுவே ஒரு சுத்தியலும் கத்தியும் கிடந்தன. ஐந்து வருடத் தேடல் அங்கே முடிந்தது. அவர் செய்தது மேதைத்தனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உறுத்தியதை உறுத்தலாகவே விட்டுவிடாமல், எழுந்து போய்ப் பார்த்தார்.

அடுத்து, கண்ணைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிக்கும் விஷயம். உங்கள் மூத்தவரை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் அனுபவத்தில் பல முறை சரியாகவே சொல்லியிருப்பார். தப்பாகச் சொன்னவை அவருக்குத் திரும்பி வந்து சேர்ந்திருக்காது. 2006-ல் சார்ல்ஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரு ஆய்வாளர்கள் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். பொய்யையும் உண்மையையும் பிரித்துச் சொல்வதில் மனிதர்கள் சராசரியாக 54 சதவீதம்தான் சரி. காசைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும். போலீஸ் போன்ற தொழில்காரர்களும் பெரிதாக மேலே போய்விடவில்லை. பதற்றம் என்பது பதற்றம்தான். போலீஸ் முன்னால் உட்கார்ந்தால் குற்றமற்றவருக்கும் வியர்க்கும். அந்தக் குழாய் ரிப்பேர் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே அது உங்களுக்கு வரவில்லை என்பது நல்லதற்கே. வருகிறது என்று நம்பும்போதுதான் ஆபத்து.

உங்களுக்கு வர வேண்டியது காது. கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கும் திறமை. பயிற்சியில் பார்க்கிறேன், சாட்சி மூச்சு வாங்குவதற்குள் அடுத்த கேள்வி விழுந்துவிடும். மெளனமாக நான்கு விநாடி இருக்க முடிவதில்லை. நிறைய விஷயம் அந்த நான்கு விநாடியில்தான் வெளியே வரும். அப்புறம், கேள்வியில் நீங்கள் போடும் ஒரு சொல்கூட சாட்சியின் ஞாபகத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பால்மரும் 1974-ல் செய்த ஆய்வில், எல்லாருக்கும் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டினார்கள். ஒரு குழுவிடம் கார்கள் "இடித்துக்கொண்டபோது" என்ன வேகம் என்று கேட்டார்கள், இன்னொரு குழுவிடம் "நொறுங்க மோதிக்கொண்டபோது" என்று கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, முதல் குழுவில் 50 பேரில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். "நொறுங்க" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. அந்தப் பதினாறு பேரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்கள் ஞாபகத்தில் கண்ணாடி நிஜமாகவே உடைந்துவிட்டது.

அதனால் "நீலச் சட்டைக்காரன் எந்தப் பக்கம் ஓடினான்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "அன்றைக்கு நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள், எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுதுகோலைக்கூட கீழே வையுங்கள். அந்த இடத்தை மனதில் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள், வெளிச்சம், சத்தம், வாசனை, அப்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பதெல்லாம். பிறகு கடைசியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். 1980-களில் ஃபிஷர், கைசல்மன் என்ற இரு உளவியலாளர்கள் இதை ஒரு முறையாகவே வகுத்தார்கள். இங்கிலாந்தும் வேல்ஸும் 1990-களின் தொடக்கத்தில் விசாரணை முறையையே மாற்றிக்கொண்டன. ஒப்புதல் வாங்குவது நோக்கமாக இருந்த இடத்தில், முழு விவரத்தைக் கேட்டு வாங்குவது நோக்கமாயிற்று.

ஒப்புதலைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. இங்கிலாந்தின் லெஸ்டர்‌ஷயர் பகுதியில் 1983-லும் 1986-லும் இரண்டு சிறுமிகள் கொலை செய்யப்பட்டார்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டான். முதலாவதும் அவன்தான் என்று நினைத்த போலீஸ், லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டிஎன்ஏ அடையாள முறையைக் கண்டுபிடித்திருந்த அலெக் ஜெஃப்ரீஸிடம் மாதிரிகளைக் கொடுத்தது. இரண்டும் ஒரே ஆள் செய்தவை, ஆனால் அந்த ஆள் இந்தப் பையன் இல்லை என்று முடிவு வந்தது. ஒப்புதல் கையில் இருந்தும், தங்கள் கதை உடைந்தது என்பதை ஏற்றுக்கொண்டு அவனை விட்டார்கள். சுற்று வட்டாரத்தில் சுமார் ஐயாயிரம் ஆண்களிடம் மாதிரி எடுத்தார்கள். ஒருவர்கூட பொருந்தவில்லை. சக ஊழியன் ஒருவனுக்குப் பதிலாகத் தான் போய் மாதிரி கொடுத்ததாக ஒருவர் மதுக்கூடத்தில் உளறியதும், கேட்ட ஒரு பெண் அதைப் போலீஸிடம் சொன்னதும்தான் 1987-ல் அந்த ஊழியனை, உண்மையான கொலைகாரன் காலின் பிட்ச்ஃபோர்க்கைக் கொண்டுவந்து நிறுத்தின. அந்தப் பெண் சொன்னதை யாரோ ஒருவர் பொறுமையாகக் கேட்டார் என்பதை மறந்துவிடாதீர்கள். நம் வேலையில் ஆய்வகமும் வேண்டும், யாராவது வந்து சொல்லத் துணியும்படி நடந்துகொள்வதும் வேண்டும். மனிதரை மரியாதையாக நடத்தத் தெரியாத புலனாய்வாளருக்குப் பாதித் தகவல் வந்து சேராது.

சலிப்பைத் தாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாள் முழுக்க கேமரா பதிவைப் பார்ப்பதும், நூறு ரசீதுகளைச் சரிபார்ப்பதும்தான் இந்த வேலையின் பெரும்பகுதி. இரண்டு முறை படிக்கிறவருக்கு அது தானாக வரும்.

குறிப்பேட்டுக்கு மட்டும் ஒரு பழக்கம் சொல்கிறேன். பெட்டி வழக்குக்குப் பிறகு நான் தொடங்கியது, ஓய்வு பெறும் வரை விடவில்லை. இடப்பக்கத்தில் பார்த்தது, கேட்டது, அளந்தது மட்டும். வலப்பக்கத்தில் நான் நினைப்பது. "கதவு திறந்திருந்தது" இடப்பக்கம். "உள்ளே இருந்தவர் திறந்துவிட்டிருக்கிறார்" வலப்பக்கம். மூன்று நாளுக்கு ஒரு முறை வலப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, வேறு யாரோ எழுதிய வழக்கைப் படிப்பதுபோல இடப்பக்கத்தை மட்டும் படிப்பேன். வலப்பக்கத்துக்கு ஒத்துவராத வரி ஏதாவது கண்ணில் பட்டால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவேன். அடுத்த நாள் வேலை அந்த வட்டத்தில்தான் தொடங்கும்.

இப்போது உங்கள் பூட்டுக்கு வருவோம். அது இடப்பக்க விஷயம். உங்கள் வழக்கில் அதைச் சுற்றித்தான் வட்டம் போட வேண்டும்.

திருடி முடித்தவர் ஏன் மறுபடி பூட்ட வேண்டும்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், நீங்கள் இன்னும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருட்டு உடனே தெரியக் கூடாது என்று நினைத்திருக்கலாம். அப்படியானால் எதுவரை தெரியக் கூடாது? அந்த இடைவெளியில் யாருக்கு என்ன வேலை முடிந்தது? சரக்கு எங்காவது கைமாறியதா? இல்லையென்றால், அது வெறும் கைப்பழக்கமாக இருக்கலாம். தினமும் அந்தக் கதவைப் பூட்டிப் பூட்டிப் பழகிய கை, தன்னை அறியாமல் பூட்டியிருக்கும். அப்படியானால் அந்தக் கதவைத் தினமும் பூட்டுவது யார் யார்? காவலாளியிடம் சாவி உண்டா, அல்லது அவர் வெளியே உட்கார்ந்திருப்பவர் மட்டும்தானா? மூன்றாவது, சரக்கு அந்தக் கதவு வழியாகப் போகவே இல்லை, பூட்டைத் திறக்கவே இல்லை. வேறு வழி இருக்கிறதா? நான்காவது, என் பெட்டி வழக்குபோல, அந்த இரவில் எதுவுமே நடக்கவில்லை. சரக்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது, அன்றைக்கு எண்ணியபோது தெரிந்தது. அப்படியானால் அதற்கு முன் கடைசியாக எண்ணியது எப்போது, எண்ணியவர் யார்?

காவலாளியையும் விடாதீர்கள். அவரே செய்திருக்கலாம். தான் கடைசிவரை அங்கேயே இருந்ததாகக் காட்ட, அவரே பூட்டியிருக்கலாம். அதையும் ஒரு வரியாக எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இது உண்மையானால் வேறு என்ன இருந்தாக வேண்டும், இது பொய்யானால் எதைப் பார்த்தால் தெரியும் என்று எழுதுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம். முதலாவதை எல்லாரும் கேட்பார்கள்.

எழுதி முடித்துவிட்டு மூத்தவரிடம் போங்கள். "காவலாளி இல்லை என்று நினைக்கிறேன்" என்று ஆரம்பித்தால் அவர் தன் முடிவைக் காப்பாற்றத்தான் பேசுவார். "ஐயா, காவலாளி மேல் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால், எதிர்த்தரப்பு வக்கீல் இந்தப் பூட்டைப் பற்றித்தான் முதலில் கேட்பார், நாம் என்ன பதில் சொல்வது?" என்று கேளுங்கள். அவருக்கும் வழக்கு நிற்க வேண்டும். இப்படிக் கேட்டு மறுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மறுத்தால், நீங்கள் கேட்டதையும் தேதியையும் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கேளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். அந்தப் பூட்டு இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உறையில் போட்டு முத்திரை வைத்து எடுத்து வைத்திருக்கிறார்களா, அல்லது அதே கதவில் மறுபடி தொங்கிக்கொண்டிருக்கிறதா?